சரியா தப்பான்னு கேக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க

கடலூர்ல நாங்க கொஞ்சம் பேரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒண்ணா உக்காந்து பேசுறோம். மனசு எப்படி வேலை செய்யுது, எது நியாயம், ஊரு உலகம் ஏன் இப்படி இருக்குன்னு எல்லாம். ரிட்டையர் ஆன ஈபி சார் ஒருத்தர், ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா, வீட்டுலயே தையல் மிஷின் போட்டிருக்கிற அக்கா, சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலைக்குப் போற தம்பி, காலேஜ் முடிச்சுட்டு வேலை தேடுற பையன், டியூஷன் எடுக்கிற நான், அப்பப்ப வந்து போறவங்க சில பேரு. தெரிஞ்சவங்க நிறைய பேரு எங்க ஊர்லயும் இப்படி ஆரம்பிக்கணும், சண்டை வராம எப்படி ஓட்டுறீங்கன்னு கேக்குறாங்க, அதுக்காகத்தான் எழுதுறேன். சண்டை வந்திருக்கு, அது வேற விஷயம், ஆனா யாரும் வராம நின்னு போனதில்ல.

மொதல்ல இடம், இதை யாரும் பெருசா நினைக்கறதில்ல. ஆரம்பத்துல மஞ்சக்குப்பத்துல தெரிஞ்சவங்க வீட்டு மொட்டை மாடியில கூடினோம், நல்ல மனுஷங்க, டீ எல்லாம் போட்டுத் தருவாங்க. மாடிப்படி ஹால் வழியாத்தான் போகணும். சிப்காட் தம்பி அந்த ஹாலைத் தாண்டும்போது மட்டும் செவுரு ஓரமா விறுவிறுன்னு போயிடுவாரு, தண்ணி குடுத்தா "வேணாங்க்கா, இப்பத்தான் குடிச்சேன்"னுவாரு, மேல வந்தா கடைசியில உக்காந்துக்குவாரு. ஒரு நாள் சாதியைப் பத்தியே பேச்சு ஓடுச்சு, ஆளாளுக்கு பேசுனாங்க, அவரு வாயே தொறக்கல. அதுக்கப்புறம் நர்ஸ் அக்காதான் பீச்சுக்குப் போயிடலாமேன்னாங்க. தேவனாம்பட்டினத்துல சில்வர் பீச், ஞாயித்துக்கிழமை கூட்டம் அள்ளும், ஆனா கொஞ்சம் தள்ளி நடந்தா மணல்ல நிம்மதியா உக்காரலாம். அங்க வந்த கொஞ்ச நாள்லயே அந்தத் தம்பி சுண்டல் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "நாம மொதல்ல கூடுன தெரு இருக்குல்ல, எங்க தாத்தா அந்தத் தெருவுல சைக்கிள் மிதிச்சுப் போனதில்ல, எறங்கி தள்ளிக்கிட்டுத்தான் போவாராம்"னு. அந்த வீட்டுக்காரங்க யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா அந்தப் படியில ஏறும்போது தாத்தாவும் கூடவே ஏறியிருக்காரு. மாடியிலயே இருந்திருந்தா இந்தப் பேச்சு எங்களுக்கு கெடைச்சிருக்கவே கெடைச்சிருக்காது. அதனால சொல்றேன், சமுதாயத்தைப் பத்திப் பேசணும்னா யாருக்கும் சொந்தமில்லாத இடமாப் பாருங்க, பீச்சோ பார்க்கோ ஏரிக்கரையோ, வீடு வேணாம்.

அடுத்தது எப்படி ஆரம்பிக்கிறதுங்கறது. தலைப்பு வச்சு ஆரம்பிச்ச நாள் பூரா பட்டிமன்றமாத்தான் போச்சு, ரெண்டு கட்சி, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் மட்டும் இல்ல. யாராவது ஒருத்தர் தனக்கு நடந்ததை ஒண்ணு சொல்லி ஆரம்பிச்ச நாள்ல பேச்சு வேற மாதிரி போச்சு. அதனால இப்ப எங்ககிட்ட தலைப்பே கெடையாது, "இந்த வாரம் எதாச்சும் மனசுல உறுத்துச்சா"ன்னு கேட்போம், அவ்ளோதான்.

அப்படித்தான் ஒரு தடவை வேலை தேடுற பையன் சொன்னான். பைக்ல பாண்டிக்குப் போயிருக்கான், ரெட்டிச்சாவடிகிட்ட ஒருத்தர் வண்டியோட விழுந்து கெடந்தாரு, தலையில ரத்தம், நாலஞ்சு பேரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, இவன் வண்டியை ஸ்லோ பண்ணிட்டு அப்புறம் போயிட்டான். "ஏன்டா நிக்கலன்னு ரெண்டு நாளா தூக்கம் வரலக்கா"ன்னான். உடனே ஈபி சார் "நின்னிருக்கணும்ப்பா, மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னு தொடங்கிட்டாரு. நர்ஸ் அக்கா கையைக் காட்டி நிறுத்துனாங்க. "சார் ஒரு நிமிஷம். தம்பி, அப்ப மணி என்ன? எங்க போய்க்கிட்டு இருந்த? பின்னாடி யாராச்சும் உக்காந்திருந்தாங்களா?" இப்படி ஒவ்வொண்ணா கேட்டாங்க. சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில இன்டர்வியூ, பத்து மணிக்கு இருக்கணும், ஒன்பதே முக்காலுக்கு அவன் இன்னும் ரெட்டிச்சாவடியிலயே இருக்கான். அங்க நிக்குறவங்க யாராச்சும் பாத்துக்குவாங்கன்னு நெனைச்சிருக்கான். போலீஸ் கேஸ் ஆயிட்டா வேலைக்கு வெரிஃபிகேஷன்ல பிரச்சனை வரும்னு வேற பயம்.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கு, நான் படிச்சிருந்தேன், அன்னைக்கு சொன்னேன். அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பாதிரியார் ஆகுறதுக்குப் படிக்கிற மாணவர்களை வச்சு டார்லி, பேட்சன்னு ரெண்டு பேரு பண்ணது, 1973ல வெளியாச்சு. பக்கத்து பில்டிங்ல போயி ஒரு பேச்சு பேசணும்னு அனுப்புறாங்க, சில பேருக்கு தலைப்பே பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதை, அதாவது அடிபட்டுக் கெடந்தவனுக்கு உதவுனவன் கதை. போற வழியில ஒரு ஆளு குனிஞ்சு இருமிக்கிட்டு முடியாம கெடக்குறான், அவனும் செட்டப்தான். நேரம் இருக்குன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல 63 சதவீதம் பேரு நின்னு உதவுனாங்க, லேட் ஆயிடுச்சு ஓடுன்னு அனுப்புனவங்கள்ல வெறும் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பத்திப் பேசப் போறவனா இல்லையாங்கறது பெருசா வித்தியாசம் பண்ணல, அவசரம்தான் பண்ணுச்சு. இதைக் கேட்டதும் அந்தப் பையன் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. அவனை விட்டுடலாம்னு நான் இதைச் சொல்லல, மனுஷத்தன்மை இல்லாதவன்னு சொல்றதோட நிறுத்திட்டா அவன் ஏன் போனான்னு நமக்கு ஒண்ணுமே தெரிய வராதுங்கறதுக்காக சொல்றேன்.

அதுக்கப்புறம்தான் ஈபி சார் மெதுவா ஒண்ணு சொன்னாரு. சர்வீஸ்ல இருந்த காலத்துல அடிபட்ட ஒருத்தரை ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாராம், அதுக்கப்புறம் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சதுல லீவு எல்லாம் தீந்து போச்சாம். "அதுலருந்து என் பசங்ககிட்ட நானே சொல்லி வச்சிருக்கேன், ரோட்டுல எவன் கெடந்தாலும் நிக்காதீங்கன்னு." நின்னிருக்கணும்னு மொதல்ல சொன்னவரும் அவருதான். அன்னைக்கு எங்க பேச்சு அந்தப் பையனை விட்டு நகந்து, பயம் எப்படி அப்பா கிட்டருந்து புள்ளைக்குப் போகுது, அதை எது மாத்தும்ங்கற இடத்துக்கு வந்துச்சு. சட்டம் ஏற்கனவே மாறிடுச்சு, பாதி பேருக்குத் தெரியல. 2016ல சுப்ரீம் கோர்ட் உதவி பண்றவங்களைக் காப்பாத்துற வழிமுறைகளை கட்டாயம் ஆக்குச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. நல்லெண்ணத்துல உதவுனவங்க மேல கேஸ் போட முடியாது, பேரு அட்ரஸ் சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டுல நடக்குற விபத்துன்னா திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரிகள்ல மொதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டம், யார் எந்த ஊர்னு பாக்க மாட்டாங்க. நர்ஸ் அக்கா சொன்னது இன்னும் சிம்பிள். தூக்கத் தெரியலன்னா தூக்காத, கழுத்து எலும்பு ஒடைஞ்சிருந்தா நீ தூக்கறதுலயே உசுரு போயிடலாம், 108 ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுட்டு வண்டி வர்ற வரைக்கும் நில்லு, கூட்டத்துல யாரோ போட்டிருப்பாங்கன்னு நெனைக்காத. சார் அன்னைக்கு ராத்திரியே பசங்களுக்கு போன் பண்ணி முன்னாடி சொன்னதை மாத்திச் சொல்லிட்டேன்னாரு.

கொள்கைன்னு வந்தா வேற ஒரு கேள்வி எங்களுக்கு கை குடுக்குது. ஏன்னு கேக்காதீங்க, எப்படின்னு கேளுங்க. ஏன்னு கேட்டா ஆளுங்க வக்கீல் ஆயிடுறாங்க, இருக்குற நியாயத்தை எல்லாம் அடுக்குவாங்க. அது எப்படி நடக்கும், ஒவ்வொரு படியா சொல்லுங்கன்னு கேட்டா அவங்களே யோசிக்க ஆரம்பிக்கிறாங்க. யேல் பல்கலைக்கழகத்துல ரோசன்பிளிட், கைல்னு ரெண்டு பேரு 2002ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. ஜிப்பு, டாய்லெட் ஃபிளஷ் மாதிரி தெனம் பாக்குற சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு எவ்ளோ தெரியும்னு மார்க் போடச் சொல்றாங்க, அப்புறம் சரி விளக்குங்கன்னு சொல்றாங்க, விளக்கி முடிச்சதும் திரும்ப மார்க் போடச் சொன்னா பெரும்பாலும் கொறைச்சுக்கிறாங்க.

டாஸ்மாக் பேச்சுல இதை கண்ணால பாத்தேன். தையல் அக்கா வீட்டுக்காரரு குடிப்பாரு, கூலி வாங்குற சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டுல என்ன நடக்கும்னு எங்களுக்கெல்லாம் தெரியும். "எல்லாக் கடையும் மூடணும், ஒரே கையெழுத்து"ன்னாங்க. வேலை தேடுற பையன் "அது அவங்கவங்க சுதந்திரம்க்கா, கவர்மென்ட் யாரு சொல்றதுக்கு"ன்னான், பத்திக்கிச்சு. சரி எப்படின்னு ரெண்டு பேருமே சொல்லுங்கன்னு விட்டோம். அக்கா ஆரம்பிச்சாங்க, நாளைக்கு மூடிட்டாங்கன்னு வச்சுக்குவோம், சனிக்கிழமை அவரு என்ன பண்ணுவாருன்னு யாரோ கேட்டாங்க, அக்கா யோசிச்சுட்டு "முள்ளோடைக்குப் போவாரு"ன்னாங்க. முள்ளோடை பாண்டி எல்லை, கடலூர்லருந்து பைக்ல எவ்ளோ நேரம் ஆகிடப் போவுது, அங்க சரக்கு நம்மூரை விட வெலை கம்மி, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பாட்டிலைப் புடிக்கலாம், வயித்துக்குள்ள போனதைப் புடிக்க முடியாது. "இப்ப தெருமுனையில குடிச்சுட்டு நடந்தாச்சும் வராரு, அப்ப வண்டியில வருவாரு"ன்னு அக்காவே சொன்னாங்க. சாராயம் காச்சுறவன் வருவான்னு ஒருத்தர் கள்ளக்குறிச்சியை ஞாபகப்படுத்துனாரு. 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுவது பேருக்கு மேல செத்தாங்களே, அப்ப ஊர்ல டாஸ்மாக் கடை தொறந்துதான இருந்துச்சு, அப்புறம் ஏன் அங்க போனாங்கன்னு அக்கா திருப்பிக் கேட்டாங்க, நியாயமான கேள்வி, வெலைதான்.

அடுத்து பையன் பக்கம் வந்துச்சு. சுதந்திரமா முடிவெடுக்குறது எப்படி நடக்குதுன்னு சொல்லுன்னாங்க. அவன் திணறுனான். அக்கா சொன்னாங்க, "காலையில எழுந்திரிச்சதும் கை நடுங்கும்பா, சட்டை பட்டன் போட வராது, நான் போட்டு விடுவேன், ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கும். இதுல எங்க அவரு முடிவெடுக்குறாரு சொல்லு." பையன் அதுக்கப்புறம் சுதந்திரம்ங்கற வார்த்தையையே எடுக்கல. நர்ஸ் அக்கா அப்பவே சொன்னாங்க, இந்த அளவு நடுக்கம் இருக்குறவங்களை திடீர்னு நிறுத்த வைக்கக் கூடாது, ஃபிட்ஸ் வரும், உசுருக்கே ஆபத்து, கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு வாங்க, மருந்து குடுத்து படிப்படியா நிறுத்துவாங்கன்னு. கடைசியில தையல் அக்கா கேட்டது என்னன்னா, இப்ப மத்தியானம் பன்னெண்டுலருந்து ராத்திரி பத்து வரைக்கும் கடை இருக்கு, சனிக்கிழமை மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுனா கூலிப் பணத்துல பாதியாச்சும் வீடு வந்து சேரும்ங்கறதுதான். அவங்க கருத்து மாறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், எல்லாத்தையும் மூடணும்னு இன்னைக்கும் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு என்ன வேணும்ங்கறது அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

பதில் சொல்றதுக்கு முன்னாடி அடுத்தவங்க சொன்னதை நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்றதுன்னு ஒரு வழக்கம் வச்சிருக்கோம், அவங்க "ஆமா, அதான்"னு ஒத்துக்கிட்டாத்தான் நம்ம முறை. இது எழுதறப்போ லேசா இருக்கு, செய்யறது ரொம்ப கஷ்டம். இலவச சோறு பத்தி ஒரு நாள் பேசுனோம், நம்ம மாவட்டத்துலயே வடலூர்ல வள்ளலார் 1867ல தருமசாலை ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் அந்த அடுப்பு அணையல, யாரு என்ன சாதின்னு கேக்காம சோறு போடுறாங்க. சும்மா போட்டா சோம்பேறி ஆயிடுவாங்கன்னு புதுசா வந்த ஒரு சார் சொன்னாரு, அவரு சொன்னதை சிப்காட் தம்பி திருப்பிச் சொல்லணும். "பசிச்சவன் பசியோடவே இருக்கட்டும்ங்கறீங்க"ன்னாரு. அவரு "நான் அப்படிச் சொல்லலப்பா"ன்னாரு. ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி சொன்னப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு, அவரு சின்ன வயசுல ஒரு மளிகைக்கடையில மூட்டை தூக்கி படிச்சவரு, தன்னோட கஷ்டத்துக்கு மதிப்பில்லாம போயிடுமோன்னு அவருக்கு ஒரு தவிப்பு. தம்பி அதை அப்படியே சொன்னதும் "ஆமாப்பா, அதேதான்"னாரு. அதுக்கப்புறம் வடலூரைப் பத்தி சண்டை போட ஒண்ணுமே மிச்சமில்ல.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும். மனசைப் பத்தி பொதுவா பேசிக்கிட்டு இருக்கும்போதே சில பேரு தன் மனசைப் பத்தி சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, குரல் மாறும், நமக்கே தெரியும். அந்த நிமிஷத்துலருந்து அது விவாதம் இல்ல. கருத்து சொல்லாதீங்க, எனக்கும் இப்படித்தான்னு உங்க கதையை எடுக்காதீங்க. கூட உக்காருங்க, வீடு வரைக்கும் நடந்து போங்க. சாகணும்ங்கற மாதிரி பேச்சு வந்தா நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது உண்மை இல்ல. டெலிமானஸ்னு கவர்மென்ட் மனநல உதவி போன் ஒண்ணு இருக்கு, நம்பர் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. எங்க எல்லார் போன்லயும் அது சேவ் ஆகியிருக்கு, ஒரு தடவை உதவியும் இருக்கு, அதுக்கு மேல அதைப் பத்தி இங்க எழுத மாட்டேன், அது இன்னொருத்தரோட விஷயம்.

இப்ப ஓடிக்கிட்டு இருக்குற பேச்சு நர்ஸ் அக்கா கொண்டு வந்தது. அவங்க வார்டுல ஒரு பாட்டி, வயித்துல கேன்சர், பசங்க டாக்டர் கையைப் புடிச்சுக்கிட்டு அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னுட்டாங்க. பாட்டி தெனம் இவங்க கையைப் புடிச்சு "எனக்கு என்னம்மா"ன்னு கேக்குது, இவங்க "புண்ணு பாட்டி, ஆறிடும்"னு சொல்லிட்டு வராங்க. ஈபி சார் அடிச்சுச் சொன்னாரு, "வயசானவங்களுக்கு சொல்லவே கூடாதும்மா, பயத்துலயே போயிடுவாங்க." சிப்காட் தம்பி கேட்டாரு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு வந்தா?" "எனக்கு சொல்லிடணும்ப்பா. பொண்ணுக்கு அந்த மனையை எழுதி வைக்கணும், இன்னும் பாக்கியாவே கெடக்குது"ன்னு யோசிக்காமயே வந்துச்சு பதிலு. நர்ஸ் அக்கா, "அந்தப் பாட்டிக்கும் ஏதாச்சும் பாக்கி இருக்கும்ல சார்"னாங்க.

தையல் அக்கா இதுக்கு ஒத்துக்கல. அவங்க அம்மாகிட்ட உண்மையைச் சொன்னாங்களாம், அன்னையிலருந்து அம்மா சோறை தள்ளி வச்சுடுச்சாம், இருந்த கொஞ்ச நாளும் போச்சுன்னு சொல்றாங்க, அதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. நர்ஸ் அக்கா இப்ப டாக்டருங்ககிட்ட பேசி ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பேஷன்ட்கிட்ட கேட்டுக்கறது, "வர்ற ரிசல்ட்டை உங்ககிட்ட சொல்லணுமா, புள்ளைங்ககிட்ட சொன்னாப் போதுமா"ன்னு. நிறைய பேரு புள்ளைங்ககிட்டயே சொல்லிடும்மாங்கறாங்களாம், சில பேரு மட்டும் என்கிட்டத்தான் சொல்லணும்னு கறாரா இருக்காங்களாம். தன் முடிவை தானே சொன்னவங்களுக்கு அந்தப்படி நடக்குறது சரின்னு எனக்குப் படுது. புள்ளைங்ககிட்ட சொல்லுன்னுட்டு அப்புறம் தெனம் கையைப் புடிச்சு கேக்குறவங்களை என்ன பண்றதுன்னு தையல் அக்கா கேக்குறாங்க, அதான் வர்ற ஞாயித்துக்கிழமைக்கு.